படத்தோடு போகும் முகவரி

2012 டிசம்பர். ஆன்டிவைரஸ் மென்பொருளால் உலகப் புகழ்பெற்ற ஜான் மெக்காஃபியை மத்திய அமெரிக்க நாடான பெலீஸின் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கொல்லப்பட்ட வழக்கில் அவரை விசாரிக்க வேண்டும், ஆள் தலைமறைவு. டிசம்பர் 3 அன்று, அவருடன் பயணித்த ‘வைஸ்’ இதழின் செய்தியாளர்கள் அவர் படத்தை இணையத்தில் வெளியிட்டார்கள். ஐபோன் 4எஸ்-ல் எடுத்த சாதாரணப் படம். ஆனால் அந்தக் கோப்புக்குள் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அப்படியே இருந்தன. அவை குவாதமாலாவின் ரியோ டுல்சே பகுதியைக் காட்டின. மறைவிடம் அம்பலமானது, டிசம்பர் 5 அன்று, சட்டவிரோதமாக நாட்டுக்குள் நுழைந்ததாக குவாதமாலா போலீஸ் அவரைக் கைது செய்தது.

அவரைக் காட்டிக்கொடுத்த குறிப்புக்கு எக்ஸிஃப் என்று பெயர். 1995-ல் ஜப்பானிய மின்னணுத் தொழில் அமைப்பு ஒன்று வகுத்த முறை இது. நாம் படம் எடுக்கும்போதெல்லாம் தேதி, நேரம், போன் மாடல், லென்ஸ் திறப்பு, ஐஎஸ்ஓ எனப்படும் ஒளி உணர்திறன் ஆகியவற்றை கேமரா கோப்பிலேயே எழுதிவைக்கிறது. அனுமதி இருந்தால் இடத்தையும் சேர்த்து எழுதுகிறது. அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது தரையில் சுமார் 111 கிலோமீட்டர். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வந்தால் அது சுமார் 11 மீட்டராகச் சுருங்கிவிடும். ஊரும் தெருவும் மட்டுமல்ல, எந்த வீடு என்பதுகூடத் தெரிந்துவிடும்.

இந்தக் குறிப்பை வெறும் ஆபத்தாக நினைத்து ஒதுக்க வேண்டாம். படமெடுக்கக் கற்றுத்தர இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. தேர்த் திருவிழா இரவில் எடுத்த மங்கலான படம் ஒன்றைத் திறந்து, விவரங்களைப் பாருங்கள். 1/10 விநாடி, ஐஎஸ்ஓ 3200 என்று இருக்கலாம். வெளிச்சம் போதாததால் கேமரா நீண்ட நேரம் ஒளியை வாங்கியிருக்கிறது. அதற்குள் கையும் ஆடியது, கூட்டமும் நகர்ந்தது. அடுத்த முறை போனைத் தூணில் சாய்த்துப் பிடித்தால் கை ஆடுவது நிற்கும். கூட்டம் நகர்வதை அது தடுக்காது. அதற்கு விளக்குக்கு அருகில் நிற்பவர்களை எடுப்பதே வழி. ‘நைட் மோடு’ அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாக இணைப்பதால், கோபுரம்போல அசையாத காட்சிக்குத்தான் அது கைகொடுக்கும்.

ஆக, இந்தக் குறிப்பு உங்களிடம் இருக்கட்டும். அடுத்தவருக்குப் போகும்போது மட்டும் வெட்டிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படமாக அனுப்பினால் இட விவரம் நீங்கிவிடும். தெளிவு குறையக் கூடாதென்று ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினாலோ, மின்னஞ்சலில் இணைத்தாலோ அத்தனையும் கூடவே போகும். ஐபோனில் பகிரும் திரையின் மேலே உள்ள ‘ஆப்ஷன்ஸ்’-ஐத் தொட்டு லொகேஷனை அணைக்கலாம். இடமே பதிவாக வேண்டாம் என்றால் ஐபோனில் லொகேஷன் சர்வீசஸ் பகுதியிலும், ஆண்ட்ராய்டில் கேமரா செட்டிங்ஸிலும் அணைத்துவிடலாம்.

ஏதாவது செயலி கேலரியைக் கேட்டால் முழுவதையும் திறந்துவிடாதீர்கள். ஐபோனில் 2020-ன் ஐஓஎஸ் 14 முதலும், ஆண்ட்ராய்டில் 2023-ன் 14-ஆம் பதிப்பு முதலும், தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது.

விவரத்தை நீக்கினாலும் படத்தில் தெரிவது தெரியத்தான் செய்யும். அதை மறைப்பதிலும் கவனம் தேவை. கூகுள் பிக்சல் போன்களில் கிராப் செய்த ஸ்கிரீன்ஷாட்டுகளின் வெட்டிய பகுதியில் பெருமளவை மீட்டுவிடலாம் என்று 2023-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். புதிய படம் பழையதைவிடச் சிறிதாக இருந்தும், பழைய கோப்பின் மிச்சத்தை மென்பொருள் அழிக்காமல் விட்டிருந்தது. அந்த ஆண்டே கூகுள் அதைச் சரிசெய்தது. ஆனால் அதற்கு முன் பகிர்ந்த படங்களை யார் திரும்பப் பெறுவது? ஆதார் எண்ணின் மேல் ஹைலைட்டரால் கிறுக்குவதும் போதாது. அந்த மை பாதி ஒளி ஊடுருவக்கூடியது. பிரகாசத்தைக் கூட்டினால் எண்கள் வெளியே வந்துவிடும். முழுக் கறுப்புக் கட்டமே பாதுகாப்பு.

குழந்தைகளின் படங்களில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். சீருடையில் பள்ளியின் பெயர், பின்னால் வீட்டு எண், கோப்புக்குள் வாசலின் இருப்பிடம் எல்லாம் ஒரே படத்தில் சேர்ந்துவிடுகின்றன. எதைப் பகிரலாம் என்று சொல்லும் வயது அந்தக் குழந்தைக்கு இல்லை. அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு முறை பார்த்துச் சரிசெய்வது பெரியவர்களான நம் பொறுப்பு.