மாம்பழம் போகிறது; பாட்டில் வருகிறது!

கோடைக்கு ஏற்ற பானம் எது? ஓசூர், கிருஷ்ணகிரி குடும்பங்களுக்கு ஒரு யோசனை

சித்திரை பிறந்துவிட்டால், ஓசூர் பஸ் நிலையத்தில் பாட்டில் வியாபாரம் சூடு பிடித்துவிடும்.

ஆலையில் ஷிப்டு முடித்து வருகிறவர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு பாட்டில் வாங்குவார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை தனக்கு ஒன்று கேட்கும். வீட்டுக்கு என்று பெரிய பாட்டில் ஒன்று பைக்குள் போகும். உள்ளே மஞ்சள் நிறம். மேலே மாம்பழப் படம்.

அந்த மாம்பழம் எந்த ஊர்ப் பழம்? பக்கத்துத் தோப்பில் காய்த்ததாகவே இருக்கலாம்!

நம் ஊர்ப் பழம் ஆலைக்குப் போகிறது. அங்கே கூழாகிறது. பிறகு தண்ணீரும் சர்க்கரையும் சேர்ந்து, பாட்டிலில் அடைபட்டு, நம்மிடமே திரும்பி வருகிறது. போகும்போது அதற்கு என்ன விலை? வரும்போது என்ன விலை? இதைக் குடும்பத்தார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சின்ன இங்கிலாந்து

ஓசூருக்குச் "சின்ன இங்கிலாந்து" என்று ஒரு பெயர் உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. அதனால் காற்று குளிர்ச்சியாக இருக்கும். கிருஷ்ணகிரி, ஏறக்குறைய அதில் பாதி உயரம்தான். அங்கே வெயில் கொளுத்தும்.

1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வளர ஆரம்பித்தது. அசோக் லேலண்டு லாரி, டி.வி.எஸ். மோட்டார் சைக்கிள், டைட்டன் கைக்கடிகாரம் எல்லாம் ஓசூரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன. பல ஊர் மக்கள் வேலை தேடி இங்கே குடியேறினார்கள்.

உலைக்கு அருகே நிற்பவருக்குக் குளிர்ந்த ஊர் என்ன, வெயில் ஊர் என்ன? வேர்வை கொட்டத்தான் செய்யும். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில், வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் கொடுக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டிலேயே தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. தாகம் அவ்வளவு முக்கியமான விஷயம்.

மூன்று மொழி, ஒரே கூழ்

இது எல்லைப்புறம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் கேட்கும். ஆனால், மூவர் வீட்டிலும் இருப்பது கேழ்வரகு. தமிழர் கூழ் என்பதைக் கன்னடரும் தெலுங்கரும் அம்பலி என்பார்கள். நம் களி, கன்னடர் வீட்டில் முத்தே ஆகிவிடும்.

தமிழ்நாட்டில் கேழ்வரகு மிகுதியாக விளையும் மாவட்டங்களில் கிருஷ்ணகிரியும் ஒன்று. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே அளவு பசும்பாலில் இருப்பது சுமார் 120. தீட்டிய அரிசியிலோ 10 கூட இல்லை! வளரும் பிள்ளைகளின் எலும்புக்கு இந்தச் சத்து வேண்டும்.

கூழ் காய்ச்சுவது எப்படி?

கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைத்து, ஓர் இரவு புளிக்க விடுங்கள். மறுநாள் அரிசி நொய்யை வேக வைத்து, புளித்த மாவை அதில் ஊற்றிக் கிளறுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். ஆறிய பிறகு மூடி வையுங்கள். அடுத்த நாள் காலையில் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கிள்ளிப் போடுங்கள். தொட்டுக்கொள்ள மோர் மிளகாயோ மாங்காயோ போதும்.

காலையில் ஒரு சொம்பு கூழ் குடித்துவிட்டு வேலைக்குப் போனால், வயிறு நிறையும், தாகமும் குறையும்.

பானகமும் கோசம்பரியும்

ஸ்ரீராம நவமி அன்று எல்லைக்கு இருபுறமும் பானகமும் நீர்மோரும் கொடுப்பார்கள். கன்னடக் குடும்பங்களில் கோசம்பரியும் உண்டு. ஊற வைத்த பாசிப்பருப்பு, வெள்ளரிக்காய், தேங்காய்த் துருவல், எலுமிச்சைச் சாறு, உப்பு. இவ்வளவுதான் கோசம்பரி. அடுப்பே வேண்டாம்! கோடையில் அடுப்படியில் வேகும் தாய்மார்களுக்கு இது பெரிய உதவி.

கிருஷ்ணகிரி பக்கம் புளிக்கும் பெயர் பெற்றது. கொஞ்சம் புளியைக் கரைத்து வடிகட்டி, வெல்லம் போட்டு, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டால் புளிப் பானகம் தயார். புளி பிடிக்காதவர்கள் எலுமிச்சம் பழம் பிழியலாம். மண்பானையில் வைத்தால் ஐஸ் வேண்டியதில்லை. பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் உள்ளே இருப்பது குளிர்கிறது.

கிளிமூக்கு மாம்பழம்

இப்போது மாம்பழத்துக்கு வருவோம்.

கிருஷ்ணகிரி என்றால் மாம்பழம். அல்போன்சா, மல்கோவா, செந்தூரா, பீத்தர், நீலம், பங்கனப்பள்ளி என்று எத்தனையோ ரகங்கள் இங்கே விளைகின்றன. ஆனால் ஆலைகளுக்குக் கூடை கூடையாகப் போவது பெங்களூரா. நுனி கிளியின் மூக்கைப் போல் வளைந்திருக்கும். ஆகவே கிளிமூக்கு என்பார்கள். தோத்தாப்புரி என்பதும் இதுதான். தித்திப்பு குறைவு; சதை அதிகம். அதனால் கூழ் எடுக்க ஏற்றது. கிருஷ்ணகிரியிலும் பக்கத்து ஆந்திராவின் சித்தூரிலும் கூழ் ஆலைகள் இருக்கின்றன. கூழ் வெளிநாடுகளுக்கும் கப்பல் ஏறுகிறது.

2025-ஆம் ஆண்டு என்ன நடந்தது தெரியுமா?

காய்ப்பு அதிகம். ஆலைகள் வாங்கியது குறைவு. பெங்களூரா மாம்பழத்தின் விலை கிலோ 10 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று விவசாயிகள் முறையிட்டார்கள். ஜூன் மாதத்தில், வெளி மாநிலத்துப் பெங்களூராப் பழம் தங்கள் மாவட்டத்துக்குள் வரக் கூடாது என்று சித்தூர் நிர்வாகம் தடை போட்டது. அந்தத் தடையை நீக்கும்படி கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா, ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதமே எழுதினார்.

ஒரு மாம்பழத்துக்காக மாநிலங்களே மோதிக்கொண்டன! ஆனால் கடையில் பாட்டிலின் விலை மட்டும் அந்த அளவுக்கு இறங்கவில்லை.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

பழ பானம் என்று விற்க வேண்டுமானால், 100 பங்கில் 10 பங்காவது பழச்சாறு இருக்க வேண்டும் என்பது நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதி. 10 பங்கு இருந்தால் போதும்! மீதியில் பெரும்பகுதி தண்ணீரும் சர்க்கரையும்தான்.

பாட்டிலின் பின்புறம் சிறிய எழுத்தில் எல்லாம் அச்சிட்டிருக்கும். வீட்டில் படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். 100 மில்லிக்குச் சர்க்கரை 13 கிராம் என்று போட்டிருந்தால், 600 மில்லி பாட்டிலில் 78 கிராம் ஆகிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு இப்படிச் சேர்க்கும் சர்க்கரை சுமார் 50 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவித்தது. ஒரே பாட்டிலில் கணக்குத் தாண்டிவிட்டது!

வீட்டிலேயே மாம்பழச் சாறு

வைகாசி, ஆனி மாதங்களில் பழம் மலிவாகக் கிடைக்கும். நன்றாகப் பழுத்த பெங்களூரா ஒன்றை வாங்குங்கள். தோல் சீவி, சதையை மசித்து வடிகட்டுங்கள். கூழ் 1 பங்கு என்றால் தண்ணீர் 3 பங்கு. சிறிது வெல்லம், ஒரு சிட்டிகை உப்பு. பெரிய பழமாக இருந்தால் 3 அல்லது 4 டம்ளர் வரும்.

விதி கேட்பது 10 பங்கு பழம். உங்கள் வீட்டு டம்ளரில் இருப்பதோ 25 பங்கு! எது லாபம்?

கன்னடர் வீடுகளில் சீகரணே என்று ஒன்று செய்வார்கள். மாம்பழச் சதையைப் பிசைந்து, பாலும் வெல்லமும் ஏலக்காயும் சேர்ப்பது. சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளலாம். குழந்தைகள் விரும்பிச் சாப்பிடும்.

பழம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி குற்றம். உடம்புக்கும் கெடுதல். முற்றின காயாக வாங்கி, வீட்டில் வைக்கோலில் வைத்துப் பழுக்க வைப்பதே நல்லது. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் மாம்பழம், பானகம், கூழ் மூன்றையும் டாக்டரைக் கேட்டு அளவோடு சாப்பிட வேண்டும்.

மயக்கம் வந்தால்?

வேர்வையில் நீர் மட்டும் போவதில்லை, உப்பும் போகிறது. ஆகையால் வெயிலில் உழைப்பவர்களுக்கு உப்புப் போட்ட மோரும் கூழும் நல்லவை. தளர்ச்சி கண்டால், 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள்.

உடம்பு நெருப்பாகச் சுட்டு, பேச்சுக் குழறினால், அது வெப்பத் தாக்கு. நிழலில் படுக்க வைத்து, உடம்பை ஈரத் துணியால் துடைத்து, விசிறுங்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். நினைவு இழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

ஒரு கிலோ போதும்

பாட்டிலே வாங்காதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. பயணத்தில், அவசரத்தில் வாங்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால், வீட்டுக்கு வாங்கும் பெரிய பாட்டிலை நிறுத்தலாம் அல்லவா? அந்தக் காசுக்குச் சந்தையில் மாம்பழம் வாங்கலாம். வாரம் ஒரு கிலோ போதும்.

பிள்ளைகளுக்கு நல்ல சாறு கிடைக்கும். தோப்புக்காரருக்கும் நாலு காசு கிடைக்கும்.