பழக்கமும் வாசனையும்

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது சித்தாந்தத் துணிபு. அச்சார்பு விலங்கின்பால் நிகழுமாற்றை உளநூலார் சோதனை வாயிலாகக் காட்டியுள்ளனர்.

செரிமான ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற உருசிய அறிஞர் பாவ்லோவ் (1849–1936), நாய்க்கு உணவிடுமுன் ஓரொலியைப் பன்முறை எழுப்பிவந்தார். பின்னர் உணவின்றி ஒலி ஒன்றே கேட்பினும் அதன் வாயில் நீர் ஊறிற்று. ஒலிக்கும் உமிழ்நீருக்கும் இயற்கைத் தொடர்பு இல்லை. உணவொடு கூடிய சார்பே அதனை விளைத்தது. அமெரிக்க அறிஞர் தார்ண்டைக், செயலையும் பயனையும் இணைத்து விலங்கு கற்குமாற்றை 1898-இல் பூனைகளைக் கொண்டு விளக்கினார். முன்னையது குறி கண்டு பயனை எதிர்நோக்கல். பின்னையது பயன் தந்த செயலை மீளச் செய்தல்.

இவ்விரண்டிற்கும் கம்பம் பள்ளத்தாக்கினர் கண்ணெதிர் கண்ட சான்று ஒன்றுண்டு. இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலில் வீடுகளையும் நியாயவிலைக் கடைகளையும் உடைத்து அரிசி உண்டு பழகிய ஆண்யானை, அதனாலேயே அரிக்கொம்பன் எனப் பெயர் பெற்றது. அரிசியின் மணம் குறி, சுவரை இடித்தல் செயல், அரிசி பயன். 2023 ஏப்ரல் 29-இல் அதனைப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டனர். ஒரு திங்கள் கழியுமுன், மே 27-இல், அது கம்பம் நகரத் தெருக்களிற் புகுந்தது; அன்று காயமுற்ற ஒருவர் பின்னர் உயிர்நீத்தார். ஜூன் 5-இல் தமிழ்நாட்டு வனத்துறையினர் அதனைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டிற்குக் கொண்டுசென்றனர். அது நகர் புகுந்ததற்கு வழி தவறல் முதலிய பிற காரணங்களும் கூடும். எனினும், இடம் மாற்றிய அளவானே மக்கள் வாழிடத்தை நாடும் பழக்கம் ஒழியும் என்று அமைதியுறல் ஆகாது என்பது தெளிவு.

அற்றேல், குறியைப் பயனின்றிப் பலகாற் காட்டின் பழக்கம் அழியாதோ எனின், அழியாது, அடங்கும் என்க. உணவிடாது ஒலியை மட்டும் எழுப்பிவரின் நீர் ஊறுதல் நிற்கும். சிறிது காலம் விட்டு மீண்டும் ஒலிப்பின் அது திரும்ப எழும் எனப் பாவ்லோவ் கண்டார். அடக்கிய இடத்தினின்று வேறிடஞ் செல்லினும் எழும் எனப் பின்வந்தோர் காட்டினர்.

பெருங்காயம் வைத்த கலம் வெறிதாகியும் மணம் நீங்காமைபோல, மலம் வலிகெட்ட சீவன்முத்தரையும் வாசனை தாக்கும் என்பர் ஆசிரியர். அதுபற்றியே சிவஞானபோதம் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலங்கழுவி அன்பரொடு கூடலையும், திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரன் எனத் தொழுதலையும் விதித்தது. உளநூலார் கூறும் பழக்கம் கருவிகளின் தொழிலாதலின், அதனையே மலவாசனை எனல் பொருந்தாது. ஈண்டுக் காட்டியது ஒப்புமையே.

யானை தன் சார்பைத் தேர்ந்துகொள்ள வல்லதன்று. அதனைச் சூழ இருப்போரே அதற்குச் சார்பை அமைக்கின்றனர். மக்களோ அறிந்து தேர்தற்கு உரியர். ஆதலின், தம்பால் ஒரு குற்றம் அடங்கிற்று எனக் கண்டோர், அஃது அழிந்தது எனக் கருதி நற்சார்பை நெகிழவிடாது காத்தலே கடனாம்.