முதலீட்டு யோசனை கேட்கும் முன் எக்ஸெல்லைத் திறங்கள்

கம்ப்யூட்டர் ஸ்லோவாக இருக்கிறது, பிரின்டரில் பேப்பர் மாட்டிக் கொள்கிறது என்று வரும் கடிதங்களுக்கு நடுவே, கொஞ்ச காலமாக எனக்கு வேறு மாதிரிக் கேள்விகளும் வருகின்றன. "சார், எனக்கு 22 வயது. மாதம் 18 ஆயிரம் சம்பளம். 2 ஆயிரம் மிச்சம் பிடிக்க முடியும். எதில் போட்டால் சீக்கிரம் பெருகும்?" என்கிறார் ஒருவர். "ஆப்ஷன் டிரேடிங்குக்கு நல்ல டெலிகிராம் குரூப் சொல்லுங்கள்" என்கிறார் இன்னொருவர். "காலேஜில் படிக்கிறேன், மொபைலில் தினம் 500 ரூபாய் சம்பாதிக்க எந்த ஆப் நல்லது?" என்று கேட்பவர்களுக்கும் குறைவில்லை.

நான் முதலீட்டு ஆலோசகன் இல்லை. எந்தப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று இங்கே சொல்லப் போவதுமில்லை. ஆனால் இந்தக் கேள்விகளில் பாதிக்குப் பதில் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. எக்ஸெல் போதும். அது இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரெ ஆபீஸ் கால்க் தொகுப்பையோ, மொபைலில் கூகுள் ஷீட்ஸையோ பயன்படுத்தலாம். கீழே நான் சொல்லும் ஃபங்ஷன்கள் மூன்றிலும் ஒரே பெயரில்தான் இருக்கின்றன. தமிழில் கொடுத்துள்ள ஃபங்ஷன் பெயர்களையும் செல் பெயர்களையும் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து கொள்ளுங்கள்.

2 ஆயிரம் ரூபாய் கேள்வி

முதலில் அந்த 22 வயதுக்காரரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காலியான ஒரு செல்லில் =எஃப்வி(7%/12,36,-2000) என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். எஃப்வி என்பது எஃப், வி என்ற இரண்டு எழுத்துகள். பிற்காலத்தில் எவ்வளவு சேரும் என்று கணக்கிடும் ஃபங்ஷன் இது. முதலில் உள்ளது மாத வட்டி வீதம், அடுத்தது எத்தனை மாதம், மூன்றாவது மாதா மாதம் போடும் தொகை. கையிலிருந்து போகும் பணம் என்பதால் மைனஸ் குறி அவசியம். எண்களுக்கு நடுவே நாம் வழக்கமாகப் போடும் கமாவைப் போடாதீர்கள். 2,000 என்று அடித்தால் எக்ஸெல் அதை இரண்டு தனித்தனி எண்களாக எடுத்துக் கொண்டுவிடும்.

விடை சுமார் 79,860 ரூபாய். இப்போது 7% இருக்கும் இடத்தில் 14% என்று மாற்றுங்கள். வட்டி வீதம் இரண்டு மடங்கு. விடை சுமார் 88,850. மூன்று வருடம் கழித்துக் கிடைக்கும் வித்தியாசம் 9 ஆயிரம் ரூபாய்கூட இல்லை. மறுபடி 7% ஆக்கிவிட்டு, 2000-ஐ மட்டும் 2500 என்று மாற்றுங்கள். 99,825 வருகிறது. அதாவது 20 ஆயிரம் கூடுதல்.

ஆரம்ப வருடங்களில் வட்டி வீதத்தை இரட்டிப்பாக்க அலைவதைவிட, மாதம் 500 ரூபாய் கூடுதலாகச் சம்பாதிப்பதோ மிச்சப்படுத்துவதோ இரு மடங்குக்கு மேல் பலன் தருகிறது. அதுவும் 14 சதவீதம் யாரும் எழுதிக் கொடுக்காத வீதம். முதலே கரையும் அபாயத்தோடுதான் அது வரும். சிறிய முதல் வைத்திருப்பவர் "எதில் போடலாம்" என்று இரவெல்லாம் வீடியோ பார்ப்பதற்குப் பதில், அந்த நேரத்தில் டாலியோ வீடியோ எடிட்டிங்கோ கற்றுக் கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு வேலை செய்தால், அவருக்கு அதைவிட லாபமான முதலீடு இருக்க முடியாது என்பது என் கட்சி.

அப்படியானால் வட்டி வீதம் முக்கியமே இல்லையா? நீண்ட காலத்துக்கு ரொம்பவே முக்கியம். மியூச்சுவல் ஃபண்டுகளில் ரெகுலர், டைரக்ட் என்று இரண்டு பிளான்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2013 ஜனவரியில் வந்த டைரக்ட் பிளானில் இடைத்தரகர் கமிஷன் கிடையாது. ஃபண்ட் ஒன்றுதான், செலவு மட்டும் வேறு. மாதம் 3 ஆயிரம் வீதம் 20 வருடம் போடுவதாக வைத்துக் கொள்வோம். =எஃப்வி(10%/12,240,-3000) என்றால் சுமார் 22.78 லட்சம். 9% என்றால் 20.04 லட்சம். ஒரே ஒரு சதவீதம் 2.74 லட்சத்தைச் சாப்பிட்டுவிட்டது. (10 சதவீதம் என்பது உதாரணத்துக்கு. யாரும் உத்தரவாதம் தர முடியாது.)

மாதம் 10 சதவீதம்

"மாதம் 10 சதவீதம் லாபம் நிச்சயம்" என்ற விளம்பரத்தைக் காட்டி, நம்பலாமா என்று கேட்கிறார்கள். இதற்கு ஃபங்ஷன் எதுவும் தேவையில்லை. ஏ1 செல்லில் 100000 என்று போடுங்கள். ஏ2 செல்லில் =ஏ1*1.1 என்று டைப் செய்யுங்கள். ஏ2-ன் வலது கீழ் மூலையில் உள்ள சின்னக் கட்டத்தை மவுஸால் பிடித்து ஏ121 வரை இழுத்து விடுங்கள். 120 மாதங்கள், அதாவது 10 வருடங்கள்.

ஒரு வருடம் முடியும் ஏ13-ல் 3,13,843 ரூபாய். ஐந்து வருடம் முடியும் ஏ61-ல் 3 கோடியே 4 லட்சம். கடைசி செல்லில் எண் சுருங்கி விசித்திரமாகத் தெரிந்தால், அந்த நெடுவரிசையை அகலப்படுத்திப் பாருங்கள். 927 கோடி ரூபாய்! ஒரு லட்சத்தைப் பத்து வருடத்தில் 927 கோடியாக்கும் வித்தை தெரிந்தவர் உங்கள் ஒரு லட்சத்தைக் கேட்டு வாட்ஸ்அப்பில் "ஹாய் டியர்" என்று எதற்கு மெசேஜ் அனுப்புகிறார்?

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை. சென்னையைச் சேர்ந்த ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனம் மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டியதாக 2022-ல் தமிழகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். சுமார் ஒரு லட்சம் பேர், 2,400 கோடி ரூபாய்க்கு மேல் என்பது போலீஸ் தரப்புக் கணக்கு. ஏ2-ல் 1.1 இருந்த இடத்தில் 1.25 என்று போட்டு மீண்டும் இழுத்துப் பாருங்கள். முதல் வருட முடிவிலேயே ஒரு லட்சம் 14.5 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது.

"பணம் இரட்டிப்பாகும்"

வேலையில் சேர்ந்த முதல் மாதமே தெரிந்தவர் யாராவது பாலிசியோடு வருவார். "வருடம் 50 ஆயிரம், 20 வருடம் கட்டுங்க தம்பி. மொத்தம் 10 லட்சம். கையில 20 லட்சமா வாங்கிக்கலாம்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. =ரேட்(20,-50000,0,2000000,1) என்று டைப் செய்யுங்கள். கடைசியில் உள்ள 1, ஒவ்வொரு வருட ஆரம்பத்திலும் பணம் கட்டுவதைக் குறிக்கிறது. எக்ஸெல் 6% என்று முழு எண்ணாகக் காட்டும். ஹோம் டேபில் இன்க்ரீஸ் டெசிமல் பட்டனைத் தட்டினால் 6.2% என்று தெரியும்.

இரட்டிப்பு என்று சொல்லப்பட்டது வருடத்துக்கு 6.2 சதவீதம்தான். போஸ்ட் ஆபீசிலும் பேங்கிலும் தொடங்கக்கூடிய பி.பி.எஃப். கணக்குக்கு 2020 ஏப்ரலில் இருந்து 2025 முடிய 7.1 சதவீத வட்டி இருந்து வந்தது. பாலிசியில் ஆயுள் காப்பீடும் சேர்ந்திருக்கிறதே என்பார்கள். உண்மைதான். காப்பீட்டுக்கு டெர்ம் பாலிசியைத் தனியாக எடுத்துக் கொண்டு, சேமிப்பைத் தனியாக வைத்து, இரண்டையும் இதே ஃபங்ஷனில் ஒப்பிட்டுப் பாருங்கள். பாலிசியைக் கொண்டு வந்தவர் சொந்தக்காரராக இருந்தாலும் பரவாயில்லை, எக்ஸெல் கோபித்துக் கொள்ளாது.

ஆப்ஷன் டிரேடிங்

இளைஞர்கள் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பே 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய். செலவெல்லாம் போக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றில் ஒருவர்தான். இப்படி வியாபாரம் செய்தவர்களில் 30 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் பங்கு 2022-23-ல் 31 சதவீதம், அடுத்த வருடமே 43 சதவீதம். 2024-25-க்கான செபியின் கணக்கிலும் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம்தான்.

ஏன் இப்படி? ஒரு காரணத்தை மட்டும் கணக்குப் போடுவோம். புரோக்கர் ஓர் ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்குவதாக வைத்துக் கொள்ளுங்கள். வாங்க ஒன்று, விற்க ஒன்று, 40 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 47.20. தினம் ஐந்து முறை, மாதம் 20 நாள் என்றால் 4,720 ரூபாய். முதல் 50 ஆயிரம்தான் என்றால், மாதம் 9.4 சதவீதம் லாபம் பார்த்தால்தான் புரோக்கரேஜுக்கே சரியாகும். மேலே 927 கோடி வந்த கணக்கு மாதம் 10 சதவீதம் என்பதை நினைவில் வையுங்கள். எஸ்.டி.டி. வரி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம் எல்லாம் இதற்கு மேல்.

என் அக்கா மகனும் இதில் இறங்கியிருந்தான். நல்ல நாள் ஸ்கிரீன்ஷாட்டுகள் மட்டும் குடும்ப குரூப்பில் வரும். நேரில் கேட்டபோது, "மொத்தத்துல ஒரு 15 ஆயிரம் போயிருக்கும் மாமா, பிடிச்சிடலாம்" என்றான். புரோக்கர் தளத்தில் இருந்து ஃபண்ட் ஸ்டேட்மென்ட்டை டவுன்லோடு செய்து எக்ஸெல்லில் திறந்தோம். உள்ளே போட்டது 1,40,000. வெளியே எடுத்தது 22,000. கணக்கில் மீதி 31,000. அதாவது 87 ஆயிரம் ரூபாய் போயிருந்தது. பைக் வாங்க அக்கா கொடுத்த பணமும் அதில் சேர்த்தி. அவன் பொய் சொல்லவில்லை. நஷ்டப்பட்ட நாட்களை அவன் கூட்டிப் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான்.

நீங்களும் பார்த்துவிடுங்கள். ஏ நெடுவரிசையில் தேதி, பி-யில் தொகை. உள்ளே போட்டதற்கு மைனஸ், வெளியே எடுத்ததற்கு பிளஸ். கடைசி வரிசையில் இன்றைய தேதியும் இப்போது உள்ள இருப்பும். 20 வரிசை இருந்தால் =எக்ஸ்ஐஆர்ஆர்(பி1:பி20,ஏ1:ஏ20) என்று கொடுங்கள். வரும் விடையை பர்சென்டேஜ் ஃபார்மட்டுக்கு மாற்றினால் வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்று தெரியும். எஸ்.ஐ.பி., சீட்டு, தங்கச் சேமிப்புத் திட்டம் எல்லாவற்றையும் இதே ஃபங்ஷனால் அளக்கலாம். பெரும்பகுதிப் பணம் போயிருந்தால் சில சமயம் பிழைச் செய்தி வரும். அப்போது சாதாரணக் கூட்டலே போதும்.

யாரிடம் கேட்கலாம்?

காசு வாங்கிக் கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்பவர் செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆலோசகர் என்றால் பதிவு எண் ஐ.என்.ஏ. என்றும், ரிசர்ச் அனலிஸ்ட் என்றால் ஐ.என்.ஹெச். என்றும் தொடங்கும். எண்ணைப் போட்டுவிட்டால் மட்டும் போதாது. அடுத்தவர் எண்ணைத் திருடிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். செபி தளத்தில் உள்ள பதிவு பெற்றவர்கள் பட்டியலில் அந்த எண்ணைத் தேடி, அதில் இருக்கும் பெயர், போன் நம்பர், ஈமெயில் முகவரி எல்லாம் உங்களிடம் பேசுபவருடையதுதானா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் "லாபம் நிச்சயம்" என்று சொல்லவே விதி இடம் தரவில்லை. சொன்னால் அங்கேயே சந்தேகப்படலாம்.

பணம் அனுப்புவதற்கும் ஒரு வசதி வந்திருக்கிறது. 2025 அக்டோபரில், புரோக்கர்களும் மியூச்சுவல் ஃபண்டுகளும் பணம் பெறுவதற்கென்று தனி யு.பி.ஐ. முகவரிகளை செபி கொண்டு வந்தது. @ குறிக்குப் பிறகு "வேலிட்" என்ற ஆங்கிலச் சொல்லும், அதன்பின் பேங்க் பெயரும் இருக்கும். கூடவே "செபி செக்" என்ற வசதியும் வந்தது. அதில் முகவரியையோ பேங்க் கணக்கு எண்ணையோ கொடுத்துச் சரிபார்க்கலாம். தனிநபர் பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். லிங்க் அனுப்பி ஏ.பி.கே. ஃபைலாக இன்ஸ்டால் செய்யச் சொல்லும் டிரேடிங் ஆப்களில் திரையில் காட்டும் லாபம் வெறும் எண்தான். பணத்தை எடுக்கப் போனால் "முதலில் வரி கட்டுங்கள்" என்பார்கள்.

மொபைலில் தினம் 500 ரூபாய் கேட்டவருக்கும் ஒரு வார்த்தை. ஓட்டலுக்கு ஸ்டார் போடு, வீடியோவுக்கு லைக் போடு என்று முதலில் 150, 200 ரூபாய் நிஜமாகவே தருவார்கள். பிறகு "பிரீபெய்டு டாஸ்க்" என்று ஆயிரங்களில் கேட்பார்கள். அது திரும்பாது. இன்னும் மோசமானது, பேங்க் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் வாடகைக்குக் கேட்பது. அந்தக் கணக்கு வழியாகப் போவது வேறு யாரிடமோ திருடிய பணம். போலீஸ் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். வேலைக்குச் சேரும் வயதில் ஒரு வழக்கு இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே பணம் போய்விட்டதா? வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

கடைசியாக, இந்தக் கணக்குகள் எல்லாம் உள்ள ஃபைலை அப்படியே டெஸ்க்டாப்பில் விட்டு வைக்காதீர்கள். எக்ஸெல்லில் ஃபைல் மெனு, இன்ஃபோ, புரொடெக்ட் வொர்க்புக், என்க்ரிப்ட் வித் பாஸ்வேர்ட் என்று வரிசையாகச் சென்று பாஸ்வேர்ட் கொடுத்து சேவ் செய்யுங்கள். பாஸ்வேர்டை ஒரு டைரியில் எழுதி வையுங்கள். மறந்துவிட்டால் மைக்ரோசாஃப்டும் திறந்து தராது.