உங்களுக்குத் தெரியுமா? கருந்துளை பயமும் கரிசல் வானமும்

● உலகம் அழியும் கதை திருச்சுழிக்குப் புதிதல்ல. பிரளய வெள்ளம் சூழ்ந்தபோது சிவபெருமான் சூலத்தால் நிலத்தைக் குத்த, நீரெல்லாம் சுழித்து உள்ளே இறங்கியதாம். திருமேனிநாதர் கோயில் தலபுராணம் சொல்வது இது. அந்தத் துளை உலகைக் காத்தது. 2008இல் பேசப்பட்ட கருந்துளையோ உலகையே விழுங்கும் என்றார்கள்!

● 2008 செப்டம்பர் 10 அன்று, ஜெனீவா அருகே 27 கி.மீ. சுற்றளவுள்ள சுரங்கத்தில் செர்ன் ஆய்வகம் புரோட்டான்களை ஓடவிட்டது. அவை மோதினால் கருந்துளை பிறந்துவிடும் என்ற பயத்தில், நம் நாட்டு டிவி சேனல்கள் சில 'உலகம் தப்புமா?' என்று பதறின. ஆனால் அன்று மோதலே நடக்கவில்லை. புரோட்டான்கள் சுற்றி வந்ததோடு சரி. ஒன்பதாம் நாள் மின் இணைப்பு ஒன்று பழுதாகி, ஹீலியம் கசிந்து, இயந்திரமே படுத்துவிட்டது. முதல் மோதல் 2009 நவம்பரில்தான்.

● இந்தச் சோதனையைத் தடுக்கச் சொல்லி ஹவாயில் வழக்கும் போட்டார்கள். 'எங்களுக்கு அதிகாரம் இல்லை' என்று கோர்ட் தள்ளுபடி செய்தது.

● இன்று அங்கே இரண்டு புரோட்டான்கள் மோதும் ஆற்றல் 13.6 டெரா எலக்ட்ரான் வோல்ட். பத்துப் பதினைந்து கொசுக்கள் பறக்கும் ஆற்றல்தான். அணுவைவிடச் சிறிய இடத்தில் அது குவிவதே விசேஷம்.

● இதுபோன்ற மோதல்கள் நம் தலைக்கு மேலேயும் நடக்கின்றன. மிளகாய் காயும் களத்தில் உள்ளங்கையை விரித்து நில்லுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று வீதம் மியூவான் துகள்கள் கையைத் துளைத்துப் போகும். விண்வெளித் துகள்கள் மேலே காற்றில் மோதிச் சிதறியதில் பிறந்தவை அவை. ஊட்டியில் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இவற்றைத்தான் எண்ணுகிறது.

● செர்ன் செய்வதைப் போல 1 லட்சம் சோதனைகளுக்குச் சமமான மோதல்களைப் பூமி ஏற்கெனவே வானத்திலிருந்து வாங்கியிருக்கிறது. 2008இல் வெளியான பாதுகாப்பு அறிக்கையின் கணக்கு இது.

● 'வானத்து மோதலில் கருந்துளை பிறந்தாலும் வேகத்தில் பூமியைத் தாண்டிப் போய்விடும். செர்னில் பிறந்தால் தங்கிவிடுமே?' நியாயமான கேள்வி. பதில் வெண்குறு விண்மீன்களிடம் இருக்கிறது. பூமியளவு உடல், சூரியனளவு எடை. உள்ளே வரும் குட்டிக் கருந்துளையையும் நிறுத்திவிடும் அடர்த்தி. அப்படியொரு ஆபத்து இருந்தால் அவை எப்போதோ விழுங்கப்பட்டிருக்கும். இன்னும் மின்னுகின்றன. அவற்றின் எடைக்கு உச்சவரம்பு கண்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர்.

● தேனி மாவட்டம் பொட்டிப்புரத்துக்குத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்தையும் சிலர் செர்னோடு குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே மோதவிட எதுவும் இல்லை. தானாக வரும் நியூட்ரினோவுக்காகக் காத்திருக்கும் இரும்புக் கருவி அது. 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தது மலையையும் புலிகளின் வழித்தடத்தையும் காக்க.

● குட்டிக் கருந்துளை கிடைக்குமா என்று செர்ன் விஞ்ஞானிகளே ஆசையாகத் தேடினார்கள். கிடைத்திருந்தால் வெளிக்குக் கூடுதல் பரிமாணங்கள் உண்டென்று நிரூபித்திருக்கலாம். இதுவரை ஒன்றுகூட அகப்படவில்லை. பயந்தவர்களுக்கு நிம்மதி, தேடியவர்களுக்குத்தான் ஏமாற்றம்.