‘பை அப்’ என்பதன் பொருள் யாது?

ஆங்கிலம் பயிலும் மாணவர்களை மிகவும் மயக்குவன, வினையின் பின்னே ஒட்டிக்கொண்டு வரும் சின்னஞ்சிறு சொற்களே. ‘பை’ என்றால் வாங்குதல். (தோளில் தொங்கும் பையைச் சற்றே மறந்துவிடுங்கள்.) ‘அப்’ என்றால் மேலே. ஆகவே ‘பை அப்’ என்பதற்கு ‘மேலே வாங்குதல்’ என எழுதிவிட்டு நிம்மதியுறுவோர் பலர். இவ்விடத்தில் ‘அப்’ என்பதற்கு மேல் என்னும் பொருளே கிடையாது. முற்றாக, மிச்சம் வையாமல் என்பதே அதன் பொருள். ‘ஈட் அப்’ என்றால் ஒரு பருக்கையும் விடாமல் உண்ணுதல் அல்லவா? அவ்வாறே, கிடைக்கும் பண்டம் அனைத்தையும் ஒட்ட வாங்கிவிடுதல் ‘பை அப்’ ஆகும்.

வன்னி வாசகருக்கு இதனை விளக்க அகராதி வேண்டியதில்லை. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களில் பெரும்போக அறுவடை நடைபெறும் காலத்தை நினைத்துப் பாருங்கள். இயந்திரங்கள் சில நாட்களிலேயே வயல்களை வெறுமையாக்கிவிடுகின்றன. நெல்லிலோ ஈரம் காயவில்லை. உலர்த்தத் தளம் இல்லாதவர் வீதியோரத்தில் பரப்புகிறார். உழவுக்கும் உரத்துக்கும் பட்ட கடன் வாசலில் வந்து நிற்கிறது. அவ்வேளை லொறியுடன் வரும் வியாபாரி, தாம் சொன்ன விலைக்கே மூடைகளை ஏற்றிச் செல்கிறார். பத்து மூடை வாங்கினால் அது வெறும் ‘பை’. ஊர் நெல் முழுவதையும் வாரிக்கொண்டு போனால் ‘பை அப்’. சில மாதங்களின் பின், அதே உழவர் கடையில் கூடிய விலைக்கு அரிசி வாங்கும்போதுதான் அச்சிறு சொல்லின் பாரம் புலப்படும். தமிழில் ‘கொள்’ என்னும் ஒரே அடியிலிருந்து கொள்வனவும் பிறந்தது, கொள்ளையும் பிறந்தது!

உழவர் வியாபாரியை மட்டும் நம்பியிராமல் நிர்ணய விலைக்கு நெல்லை விற்க வழியாக, 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நெல் சந்தைப்படுத்தல் சபை அமைந்தது. ஆயினும் அந்த விலையை முழுமையாகப் பெறுவதற்கு நெல்லின் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்பது வழமையான நியதி. தளம் இல்லாதவருக்கு அது எட்டாத வாசலாகவே இருந்துவிடுகிறது.

இனி, மாணவர் கவனிக்க வேண்டியவை. ஒரேயொரு பேனா வாங்கியவர் ‘பை அப்’ என்று எழுதலாகாது. பிரதிப்பெயர் வந்தால் அது இரு சொற்களுக்கும் நடுவில் அமரும்: ‘பை இட் அப்’ என்பதே முறை. ‘பை அவுட்’ என்பது பங்காளியின் பங்கை விலை கொடுத்துப் பெற்று அவரை விலக்குதல். ‘பை ஓவ்’ என்பதோ கைக்கூலி கொடுத்து ஒருவரின் வாயை அடைத்தல். இதற்கு உதாரணம் நாம் தர வேண்டியதில்லை, வாசகர்களே அறிவர்.