30 நாள் லீவில் ஒரு கல்யாணம்



'வாழ்க்கைத் துணையை முடிவு செய்வது மனமா, நேரமா?' என்பது தலைப்பு. நான் நேரத்தின் பக்கம்.

எதிரணித் தம்பி சொன்னார், "மனசுக்குப் பிடிச்சா ஒரு நிமிஷம் போதும்" என்று. தம்பி, எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள்! (சிரிப்பு)

1996-ல் வளைகுடாவிலிருந்து மாப்பிள்ளை வந்தார். லீவு 30 நாள். அதில் பாதி ஆடியில் போய் விழுந்தது. ஆடியில் யாருங்க கல்யாணம் வைப்பாங்க? மிச்சம் 15 நாள். அதற்குள் பெண் பார்த்து, நிச்சயம் பண்ணி, தாலியும் கட்டியாச்சு. நாலாம் நாள் ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

அந்தப் பதினைந்து நாளில் எதைப் பார்க்க முடியும்? சம்பளம், ஜாதகம், உயரம், நிறம், எத்தனை பவுன். இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். கோபம் வந்தால் எப்படி இருப்பார், கையில் காசில்லாத நாளில் எப்படிப் பேசுவார், நான் மேலே படிக்க ஆசைப்பட்டால் என்ன சொல்வார்? இது பழகினால்தான் தெரியும். நேரம் குறைந்தால், சீக்கிரம் தெரிகிறதை மட்டும் வைத்து ஆளை எடை போடுகிறோம். (கைதட்டல்)

இன்று நான் அறிவியல் டீச்சர். கோள்களின் பாதையைக் கணக்கிட்ட கெப்ளரைப் பற்றி வகுப்பில் சொல்வேன். 1611-ல் அவர் மனைவி இறந்தார். வீட்டில் சின்னக் குழந்தைகள். அவசரப்பட அவருக்குக் காரணம் இருந்தது. ஆனாலும் சுமார் இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டு 11 பெண்களை யோசித்துப் பார்த்தார். நண்பர்கள் அந்தஸ்துள்ள நாலாவது பெண்ணைச் சொன்னார்கள். 1613-ல் அவர் கட்டிக்கொண்டது ஐந்தாவது பெண் சுசானாவை. தாய் தகப்பன் இல்லாத, வசதி இல்லாத பெண். ஏன் என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்: அன்பு, பணிவு, சிக்கனம், உழைப்பு, மூத்தாள் குழந்தைகளிடம் பாசம். இதில் ஒன்றாவது பத்து நிமிஷத்தில் தெரியுமா?

"பத்து வருஷம் காதலிச்சவங்களும் பிரியறாங்களே" என்பீர்கள். உண்மைதான். நேரம் இருந்தால் நல்ல துணை நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. நேரம் இல்லையென்றால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவே முடியாது என்கிறேன்.

என் கணவர் கெட்டவர் இல்லை. முன்வரிசையில்தான் இருக்கிறார். (சிரிப்பு) இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாசம் வருவார். 2008-ல்தான் ஊரோடு வந்தார். அந்த 12 வருஷத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தது ஆறு மாசம்கூட இல்லை. எனக்கு பி.எட். படிக்க ஆசை என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரியும். ஃபீஸ் கட்டியவரும் அவர்தான். "முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். எப்போது சொல்வது ஐயா? (கைதட்டல்)

இப்போது என் மகளுக்கு வரன் வந்திருக்கிறது. பையன் வெளிநாடு. லீவு மூன்று வாரம். "வந்ததும் பார்த்து, போறதுக்குள்ள முடிச்சிடலாம்" என்கிறார்கள். இன்றைக்கு ஃபோனில் தினமும் முகம் பார்த்துப் பேசலாம். "ஆறு மாசம் ரெண்டு பேரும் பேசட்டும், அடுத்த லீவில் கல்யாணம்" என்று சொல்லியனுப்பினோம். இன்னும் பதில் இல்லை.

"பதில் வராட்டி என்னடி பண்ணுவே?" என்று என் அம்மா கேட்கிறார். வேறு வரன் பார்ப்பேன். 15 நாளில் மட்டும் கட்டிக்கொடுக்க மாட்டேன்.

(பலத்த கைதட்டல்)