பழைய பைக்கை கஸ்டம் பில்ட் பண்ணப் போறீங்களா? முதல்ல ஆர்.சி-யைப் பாருங்க!



போனஸ் வந்த வாரத்துல கரெக்டா ஒரு ரீல் கண்ணுல படும். பளபளன்னு பெயிண்ட் அடிச்ச ஆர்.எக்ஸ் 100, இல்லைன்னா சீட்டைச் சின்னதாக்கின எஸ்டி. "நாமளும் ஒண்ணு பண்ணா என்ன?"ன்னு தோணும். தப்பே இல்லை. எனக்கும் தோணுச்சு.

2018-ல 45,000 ரூபாய்க்கு ஒரு எஸ்டி வாங்கினேன். வேலைக்கும் சேர்த்து 1.5 லட்சம் பர்சனல் லோன். 14% வட்டி, 3 வருஷம், இ.எம்.ஐ 5,127 ரூபாய். பெயிண்ட், குரோம், எஞ்சின் வேலை எல்லாம் முடிஞ்ச பிறகுதான் பேர் மாத்த ஆர்.டி.ஓ ஆபீஸ் போனேன். எஞ்சின் நம்பர் ஆர்.சி-யோட ஒத்துப்போகலை! எப்பவோ யாரோ வேற எஞ்சினை மாட்டியிருக்காங்க. அதுக்கு பில்லும் இல்லை, அனுமதியும் இல்லை. வித்த புரோக்கர் போனை எடுக்கலை.

வட்டி மட்டும் சுமார் 34,500 ரூபாய் கட்டி லோனை முடிச்சேன். வண்டி இன்னமும் அப்பா வீட்டுல கவர் போட்டு நிக்குது. தினமும் அடுத்தவங்க கணக்கைச் சரிபார்க்கிற நான், என் வண்டியோட ரெண்டு நம்பரைச் சரிபார்க்கலை.

அதனால வண்டி தேடும்போது இந்த வரிசையில போங்க: பேப்பர், சட்டம், பார்ட்ஸ், பணம். அழகு கடைசிதான்.

1. பேப்பர்

அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே சேஸ் நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டையும் துடைச்சுப் பாருங்க. பேப்பரை வச்சு பென்சிலால தேய்ச்சு அச்சு எடுத்து, ஆர்.சி-யோட ஒப்பிடுங்க. ஆர்.சி-ல இருக்கிறவர் உயிரோட இருக்காரா, கையெழுத்துப் போட வருவாரான்னு கேளுங்க. 15 வருஷத்துக்கு அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி-யைப் புதுப்பிக்கணும். விட்டிருந்தா தாமதக் கட்டணம், பசுமை வரின்னு பாக்கி சேர்ந்திருக்கும். அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, விலையில கழிச்சுப் பேசுங்க.

2. சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாத்தக்கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019-ல இதை உறுதி செஞ்சிருக்கு. சேஸை வெட்டி நீட்டறது, அனுமதியில்லாம எஞ்சின் மாத்தறது எல்லாம் சிக்கல். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதமோ, 6 மாசம் வரை சிறையோ வரலாம். விபத்து நடந்தா இன்சூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகும். கலர் மாத்தினா ஆர்.சி-ல பதிவு பண்ணிடுங்க.

"வின்டேஜ்னு ரிஜிஸ்டர் பண்ணிக்கலாமே?"ன்னு கேட்பீங்க. 2021 விதிப்படி அதுக்கு வண்டி 50 வயசைத் தாண்டணும், ஒரிஜினல் வடிவத்துல இருக்கணும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். தினசரி ஓட்டவும் முடியாது. அதாவது கஸ்டம் பில்டும் வின்டேஜ் பதிவும் ஒண்ணா வராது!

3. பார்ட்ஸ்

புல்லட் இன்னைக்கும் தயாரிப்புல இருக்கு. பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின் தெரிஞ்ச மெக்கானிக்கும் நம்ம ஊர்ல இருக்காங்க. முதல் பில்டுக்கு இதுதான் பாதுகாப்பு. ஆர்.எக்ஸ் 100 தயாரிப்பு 1996-லேயே நின்னுபோச்சு. பார்ட்ஸ் கிடைக்கும், ஆனா டூப்ளிகேட்டும் நிறைய. "ஜப்பான் எஞ்சின்"னு சொல்லியே விலையை ஏத்துவாங்க. மைசூர் எஸ்டியும் 1996-ல நின்னதுதான். அதுக்குப் பொறுமை வேணும். எந்த வண்டியானாலும், வாங்கறதுக்கு முன்னாடி தேவைப்படற பார்ட்ஸ் லிஸ்ட்டோட ஒருநாள் புதுப்பேட்டையைச் சுத்திட்டு வாங்க.

4. பணம்

மெக்கானிக் சொல்ற தொகையோட மூணுல ஒரு பங்கைக் கூட்டி வச்சுக்கோங்க. எஞ்சினைப் பிரிச்ச பிறகுதான் கிராங்க் நிலைமை தெரியும்!

லோன் மட்டும் வேண்டாம். நான் கட்டின அதே 5,127 ரூபாயை 6.5% ஆர்.டி-ல போட்டிருந்தா 28-வது மாசமே 1.5 லட்சத்தைத் தாண்டியிருக்கும். லோன் முடிஞ்சதுக்கு 8 மாசம் முன்னாடியே! அந்த 28 மாசத்துல நல்ல பேப்பரோட ஒரு வண்டியும் தேடியிருக்கலாம்.

"பின்னாடி நல்ல விலைக்கு விக்கலாம், இதுவும் முதலீடுதான்"னு நண்பர்கள் சொல்வாங்க. சொந்த உபயோக பைக் வருமான வரியில மூலதனச் சொத்து இல்லை. லாபத்துக்கு வரி கிடையாது, சரி. ஆனா நஷ்டத்தை வேற எதுலயும் கழிக்கவும் முடியாது. அடிக்கடி வாங்கி வித்தா அது வியாபார வருமானம். அதனால இதை முதலீடுன்னு நினைக்காதீங்க, ஆசைக்கான செலவுன்னு எழுதுங்க. எமர்ஜென்சி ஃபண்ட், டேர்ம் இன்சூரன்ஸ் ரெண்டும் முடிச்ச பிறகு அந்தச் செலவைத் தாராளமா பண்ணுங்க.

இந்த வாரம் ஏதாவது வண்டியைப் பார்க்கப் போறீங்கன்னா, பாக்கெட்ல ஒரு பென்சில் எடுத்துட்டுப் போங்க. என்கிட்ட அன்னைக்கு இல்லாதது அதுதான்.